வேலை நாய், கண்காட்சி நாய்களில் இருந்து குட்டி எடுத்து வளர்த்தல்: மட்டக்களப்பு, அம்பாறை வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜேர்மன் ஷெப்பர்ட், லப்ரடோர், ரொட்வைலர், டோபர்மன் போன்ற சாதி நாய்களை வைத்திருப்போர் முதன்முறையாகக் குட்டி எடுக்க எண்ணும்போது கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். நாய் வளர்ப்புப் பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளிற் பெரும்பகுதி குளிர்நாட்டவர் தம் நாட்டுக்காக எழுதியது. கச்சான் காற்றும் வாடை மழையும் வயல் நீரும் உண்ணியும் உள்ள நம் மாவட்டங்களில் அவற்றுட் சிலவற்றை மாற்றிக் கொள்ள வேண்டும் என்பதால், அந்த இடங்களில் சற்று விரிவாகவே எழுதியுள்ளேன்.

வேலைப் பரம்பரை, கண்காட்சிப் பரம்பரை என்று பிரித்துச் சொல்கிறார்களே, இரண்டும் ஒரே இனம் தானே?

இனம் ஒன்றுதான். பல தலைமுறைகளாக வெவ்வேறு நோக்கத்தோடு தெரிவு செய்யப்பட்டு வந்ததால் உடலும் குணமும் விலகிப் போயின. ஜேர்மன் ஷெப்பர்டை எடுத்துக்கொள்வோம். மக்ஸ் வொன் ஸ்டெபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி 1899ஆம் ஆண்டில் அந்த இனத்துக்கான சங்கத்தை ஜேர்மனியில் தொடங்கி, ஹொராண்ட் என்ற நாயை முதலாவதாகப் பதிவு செய்தபோது, ஆட்டு மந்தையோடு நாள் முழுவதும் உழைக்கக்கூடிய, சொன்னதை விளங்கிக்கொள்ளும் நாயே அவருடைய இலக்காக இருந்தது. பின்னாளில் கண்காட்சி அரங்கில் நீண்டு பரந்த ஓட்டமும் சரிந்த பின்னுடலும் கருமையும் செம்மையும் கலந்த நிறமும் பரிசு பெற்றன. பொலிஸ், இராணுவ வேலைக்காக வளர்த்தவர்களோ முதுகு நேராகவும் உடல் இலகுவாகவும் இருந்து, ஒரு பொருளைத் துரத்தவும் பற்றவும் தேடவும் அடங்காத உந்துதல் கொண்ட நாய்களைத் தெரிவு செய்தார்கள்.

லப்ரடோரிலும் இதே பிரிவைக் காணலாம். கண்காட்சிப் பரம்பரை அகன்ற மார்பும் கனத்த உடலும் நிதானமும் கொண்டது. களத்தில் உழைக்கும் பரம்பரை மெலிந்தது, வேகமானது, சும்மா படுத்திருக்கத் தெரியாதது. பிரித்தானியாவில் 1906ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சர்வதேச மந்தைநாய்ச் சங்கத்தினர் போடர் கொலி நாய்களை நிறத்தையோ காதின் அமைப்பையோ பாராமல் மந்தையை நடத்தும் திறனைக் கொண்டே வளர்த்துவந்தார்கள்; அதனால் அந்த நாய்கள் பார்வைக்குப் பல விதமாகவும் வேலையில் ஒரே விதமாகவும் இருக்கின்றன.

இரண்டு பரம்பரையும் ஒன்றுக்கொன்று பகை என்று எண்ணிவிடக் கூடாது. ஜேர்மனியின் ஷெப்பர்ட் சங்கத்தில் அழகுக்குப் பரிசு வாங்கிய நாயும் வேலைத்தேர்வில் சித்தியடைந்து இடுப்பு எக்ஸ்ரேயும் காட்டிய பின்னரே இனவிருத்திக்குத் தகுதி பெறுகிறது. அழகு, வேலை, உடல்நலம் ஆகிய மூன்றும் ஒரே நாயிடம் கேட்கப்படும் அந்த முறையே சரியானது என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் வீட்டுக்கு எது பொருந்தும்?

கல்லடியிலோ கல்முனையிலோ மதிலுக்குள் அமைந்த வீடும், பகலில் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்விடும் குடும்பமும் என்றால் வேலைப் பரம்பரை நாய் பொருந்தாது. நாளாந்தம் ஓரிரு மணித்தியாலம் உழைப்பும் பயிற்சியும் கிடைக்காத அத்தகைய நாய் சங்கிலியில் சுற்றிச் சுற்றி ஓடும், வாலைக் கடிக்கும், கேற்றைக் கடந்து போகும் ஒவ்வொரு சைக்கிளுக்கும் பாயும். குரைத்து அறிவிக்கும் ஒரு காவல் நாயே தேவையென்றால், நிதானமான கண்காட்சிப் பரம்பரைக் குட்டியோ நல்ல நாட்டு நாயோ அந்த வேலையைச் செவ்வனே செய்யும்.

படுவான்கரைப் பக்கத்தில் மாட்டுப் பட்டிக்கும் சேனைக்கும் நாய் தேடுவோர், வெளிநாட்டு நாய் வாங்குவதற்கு முன் ஒன்றை யோசிக்க வேண்டும். பட்டிக்காரர்களின் நாட்டு நாய்கள் நம் வெயிலுக்கும் உண்ணிக்கும் தலைமுறை தலைமுறையாகத் தாக்குப்பிடித்தவை. தடித்த இரட்டை மயிர்ப்போர்வை கொண்ட நாயை நண்பகல் வெயிலில் மாட்டின் பின்னால் ஓடவிடுவது அதன் உயிருக்கே ஆபத்தாகும். யானை நடமாடும் இடத்தில், எதையும் துரத்தும் உந்துதல் மிகுந்த நாய் யானையைச் சீண்டிவிட்டு எசமானை நோக்கி ஓடிவரும் ஆபத்தும் உண்டு.

பெட்டை நாய் எட்டு மாதத்தில் பருவத்துக்கு வந்துவிட்டது. இணைசேர்க்கலாமா?

கூடாது. பெரிய இனங்களில் இரண்டு வயதுக்குப் பின், மூன்றாம் பருவத்தை ஒட்டியே சேர்க்க வேண்டும். எட்டு மாதத்தில் அதன் எலும்பும் வளர்ந்து முடியவில்லை, குணமும் முதிரவில்லை. கோபமோ பயந்த சுபாவமோ இருந்தால் ஒன்றரை வயதுக்குப் பின்னரே தெளிவாகத் தெரியவரும். இடுப்பு மூட்டின் இறுதி எக்ஸ்ரே முடிவையும் சில அமைப்புகள் 24 மாதத்துக்குப் பிறகே ஏற்றுக்கொள்கின்றன.

இணைசேர்க்கும் முன் என்னென்ன பரிசோதனை செய்ய வேண்டும்?

குட்டிகளின் நலத்திற் பெரும்பகுதி இந்தக் கட்டத்திலேயே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. பிறந்த பின் என்னதான் பாடுபட்டாலும், தாயிடமோ தந்தையிடமோ இருந்து வந்த குறையை நீக்க முடியாது.

முதலாவது இடுப்பு, முழங்கை மூட்டுகள். ஷெப்பர்ட், லப்ரடோர், ரொட்வைலர் மூன்றிலும் இடுப்பு மூட்டுப் பிசகல் பரம்பரையாக வருவது. நடப்பதைப் பார்த்து அதைக் கண்டறிய முடியாது. நன்றாக ஓடித் திரியும் நாயின் எக்ஸ்ரேயும் மோசமாக இருக்கலாம். மயக்க மருந்து கொடுத்துச் சரியான நிலையில் கிடத்தி எடுத்த படமே பயன்படும். அந்த வசதி இங்கே கிடைக்காவிட்டால், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை போதனா வைத்தியசாலையிலோ கொழும்பிலோ எடுக்கலாமா என்று உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். பயணமும் செலவும் பெரிதுதான். இரண்டு வயதில் எழுந்து நிற்க முடியாத நாயை வைத்துக்கொண்டு தவிக்கும் குடும்பத்தின் செலவு அதனினும் பெரிது.

இரண்டாவது மரபணுப் பரிசோதனை. லப்ரடோரில் விழித்திரை படிப்படியாகக் கெடும் நோயையும் கடும் ஓட்டத்தின்போது பின்னங்கால் தளர்ந்து விழும் நோயையும், ஷெப்பர்டில் முள்ளந்தண்டு நரம்பு தேயும் நோயையும், டோபர்மனில் இரத்தம் உறையாத குறையையும் கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சால் தடவி எடுத்த மாதிரியைக் கொண்டே அறியலாம். இவை பெரும்பாலும் ஒடுங்கிய மரபணுவால் வருபவை: தாயும் தந்தையும் நோயின்றி அந்த மரபணுவைச் சுமப்பவையாக இருந்தால், ஒவ்வொரு குட்டிக்கும் நோய்க்குரிய இரட்டை மரபணு கிடைக்கும் வாய்ப்பு 25 வீதம். சுமக்கும் நாயை அந்த மரபணு இல்லாத நாயோடு சேர்த்தால் எந்தக் குட்டியும் அந்த நிலைக்கு வராது. ஆகவே, சுமக்கும் நாய் என்பதற்காக நல்லதொரு நாயை ஒதுக்கிவிடத் தேவையில்லை, சோடியைச் சரியாகத் தெரிவு செய்தாற் போதும். டோபர்மனின் இதயத்தசை நோய்க்கு மரபணுப் பரிசோதனை மட்டும் போதாது, இதய ஸ்கானும் வேண்டும்.

மூன்றாவதாக, நம் பக்கத்தில் கட்டாயம் செய்ய வேண்டியது இரத்தப் பரிசோதனை. உண்ணிக் காய்ச்சலை உண்டாக்கும் பபேசியா கிருமி இலங்கை நாய்களில் மிகச் சாதாரணமாகக் காணப்படுகிறது. பபேசியா கிப்சோனி என்ற வகை தாயின் கருவறையிலேயே குட்டிக்குக் கடந்துவிடக்கூடியது; நோய் வெளியே தெரியாத தாயின் இரத்தத்திலும் அது தங்கியிருக்கலாம். பருவம் வருவதற்கு இரண்டு மாதம் முன்பே பரிசோதித்துச் சிகிச்சை முடிப்பது நல்லது. கருச்சிதைவை ஏற்படுத்தும் புரூசெல்லா கிருமிக்குக் கடுவன், பெட்டை இரண்டையும் பரிசோதிக்க வேண்டும். அது மனிதருக்கும் தொற்றும்.

இத்தனையும் முடிந்த பிறகுதான் குணம். அந்நியர் வந்தால் கட்டிலுக்கடியில் ஒளியும் நாயும் காரணமின்றிக் கடிக்கும் நாயும் எத்தனை அழகாயிருந்தாலும் குட்டி எடுப்பதற்கு உகந்தவையல்ல. பயந்த தாயின் நடத்தையைக் குட்டிகள் மரபிலும் பெறும், கூட இருந்து பார்த்தும் பழகும்.

நல்ல கடுவன் கிடைக்கவில்லை. ஒரே ஈத்தில் பிறந்த கடுவனையும் பெட்டையையும் சேர்க்கலாமா?

சேர்க்க வேண்டாம். உடன்பிறந்தவற்றைச் சேர்த்தாலும் தந்தையை மகளோடு சேர்த்தாலும் குட்டியின் உள்ளினப்பெருக்கக் குணகம் (ஒரே முன்னோரின் ஒரே மரபணு தாய்வழியும் தந்தைவழியும் வந்து சேரும் வாய்ப்பு) 25 வீதம். தாயோ தந்தையோ மட்டும் ஒன்றாயிருந்தால் 12.5 வீதம். அது கூடக்கூட ஈத்தின் அளவு சிறுக்கும், நோய் எதிர்ப்புத் தளரும், மறைந்திருந்த குறைகள் வெளிப்படும். இலங்கையில் ஓர் இனத்தின் நாய்கள் தொகையிற் குறைவாதலால், இறக்குமதி செய்த ஒரு சம்பியன் கடுவனையே எல்லாரும் தேடிப்போகும் வழக்கம் இன்னொரு ஆபத்து. சில ஆண்டுகளில் எங்கு குட்டி வாங்கினாலும் அதன் பேரன் பேத்தியாகவே இருக்கும். இரண்டு நாய்களின் பரம்பரைப் பத்திரங்களையும் பக்கத்தில் வைத்து ஐந்து தலைமுறை வரை பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

எந்த நாளில் சேர்ப்பது? பதினோராம் நாள் என்று சொல்கிறார்களே?

இரத்தம் கண்ட நாளிலிருந்து எண்ணுவது உத்தரவாதமற்றது. ஒரு நாய் எட்டாம் நாளிலும் இன்னொன்று இருபதாம் நாளிலும் தயாராகலாம். இரத்தத்தில் புரொஜெஸ்தெரோன் என்னும் ஹோர்மோனை அளப்பதே நம்பகமான வழி. மில்லிலீற்றருக்கு 5 நானோகிராமை அண்டும்போது முட்டைகள் வெளியாகின்றன. அவை முதிர்வதற்கு மேலும் இரண்டு நாள் தேவை என்பதால் அதன் பின்வரும் இரண்டு மூன்று நாட்களே உகந்த காலம். பரிசோதனை வசதி அருகில் இல்லாவிட்டால், வைத்தியர் யோனிக் கலங்களை நுணுக்குக்காட்டியில் பார்த்தும் ஓரளவு சொல்லலாம். அதுவும் முடியாதபோது, பெட்டை வாலை ஒருபுறம் ஒதுக்கி நிற்கத் தொடங்கியதிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்க்கலாம்.

இணைந்த நாய்கள் பத்து நிமிடம் தொடக்கம் அரை மணிவரை பிரியாமல் நிற்கும். இழுத்துப் பிரிப்பதும் தண்ணீர் ஊற்றுவதும் இரண்டுக்கும் காயத்தை உண்டாக்கும்.

சினைக்காலத்தில் உணவும் கவனிப்பும் எப்படி?

முட்டை வெளியானதிலிருந்து ஏறத்தாழ 63 நாட்களில் குட்டி ஈனும். 28ஆம் நாளை அண்டி ஸ்கானில் சினை தெரியும். 55ஆம் நாளுக்குப் பின் எக்ஸ்ரே எடுத்தால் குட்டிகளை எண்ணலாம். எத்தனை குட்டி என்று தெரிந்திருப்பது பிரசவ இரவில் பெரிய உதவி, ஏனெனில் இன்னும் உள்ளே குட்டி இருக்கிறதா என்ற ஐயம் அப்போது எழாது.

முதல் ஐந்து வாரமும் வழக்கமான அளவே போதும். அதன் பின் படிப்படியாகக் கூட்டி, ஈனும் வேளையில் நாலில் ஒரு பங்கு முதல் அரைப் பங்கு வரை அதிகமாகக் கொடுக்க வேண்டும். சோறும் மீன் குழம்பும் மட்டும் தாய்க்குப் போதாது. குட்டிகளுக்கென்று விற்கும் தரமான உலருணவையோ, முட்டை, இறைச்சி, முள் நீக்கிய மீன் சேர்த்த உணவையோ கொடுங்கள்.

சினைக்காலத்தில் கல்சியம் மருந்து கொடுக்கவே கூடாது. நல்லெண்ணத்தோடு பலர் கொடுத்துவிடுகிறார்கள். வெளியிலிருந்து கல்சியம் தாராளமாக வந்தால், எலும்பிலிருந்து அதை எடுக்கும் உடலின் ஒழுங்கு மந்தமாகிவிடுகிறது. குட்டிகள் முழு மூச்சாகப் பால் குடிக்கும் இரண்டாம், மூன்றாம் வாரத்தில் தாய்க்குத் திடீரென நடுக்கமும் விறைப்பும் வலிப்பும் வரும். அது உயிர் போகும் அவசரம். குட்டிகளைப் பிரித்துவிட்டு உடனே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

குட்டி போடும் நேரத்தை எப்படி அறிவது? எப்போது வைத்தியரை அழைப்பது?

58ஆம் நாளிலிருந்து காலை மாலை மலவாயில் வெப்பநிலை பாருங்கள். வழக்கமாக 38 பாகை செல்சியசுக்கு மேலிருக்கும் வெப்பநிலை 37.2க்குக் கீழே இறங்கினால் ஏறத்தாழ 24 மணி நேரத்துக்குள் பிரசவம் தொடங்கும். நாய் சாப்பாட்டை மறுக்கும், நிலத்தைப் பறண்டும், மூச்சிரைக்கும். அந்த வேளையில் அயலவர் கூடிப் பார்ப்பது தவறு. நாய்க்குப் பழகிய ஒருவர் மட்டும் பக்கத்தில் இருந்தாற் போதும்.

குட்டி ஒரு பளபளப்பான பைக்குள் வரும். தாய் அதைக் கிழித்து நக்கி, கொடியைக் கடித்துவிடும். அரை நிமிடத்தில் கிழிக்காவிட்டால் நீங்கள் மூக்கின் பக்கம் பையைக் கிழித்து, வாயிலும் மூக்கிலும் உள்ள நீரைத் துடைத்து, தலையைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு உலர்ந்த துவாயால் முதுகைச் சுறுசுறுப்பாகத் தேய்க்க வேண்டும். கையில் துவண்டு கிடந்த குட்டி முதலில் வாயை ஒரு தடவை திறக்கும். பிறகு விலா ஒடுங்கி விரியும். நீல நாக்கு இளஞ்சிவப்பாக மாறும். அதன் பின்னரே கீச்சென்று சத்தம் வரும். சத்தம் வரும்வரை தேய்ப்பதை நிறுத்தாதீர்கள்.

அரை மணி நேரம் கடுமையாக முக்கியும் குட்டி வராவிட்டால், முதற்குட்டிக்கு முன்பே கரும்பச்சை நீர் கண்டால், உள்ளே குட்டி இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால், அல்லது வெப்பநிலை இறங்கி ஒரு நாள் கடந்தும் ஒன்றும் நடக்காவிட்டால் வைத்தியரை அழைக்க வேண்டும். பிரசவம் பெரும்பாலும் இரவில் நடப்பதும், அரச கால்நடை வைத்திய அலுவலகம் அந்நேரம் பூட்டியிருப்பதும் நம் பக்கத்தின் உண்மை நிலை. இரவிலும் சத்திரசிகிச்சை செய்யக்கூடிய வைத்தியர் யார், அவரிடம் எந்த வாகனத்தில் போவது என்பதை ஒரு வாரம் முன்பே பேசி முடித்து வைத்திருங்கள்.

குட்டிகளுக்கு மின்குமிழ் வெளிச்சம் போட வேண்டுமா?

காலத்தைப் பொறுத்தது. முதல் வாரத்தில் குட்டிக்குத் தன் உடல் வெப்பத்தைத் தானே காக்கும் திறன் இல்லை. படுக்கும் இடம் 29 தொடக்கம் 32 பாகை வரை இருக்க வேண்டும். கச்சான் வீசும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே பகல் வெப்பம் அதையும் தாண்டிவிடும் என்பதால் அப்போது மின்குமிழ் ஆபத்தானது. கூரையின் மேல் கிடுகு பரப்பி, காற்று நேரே குட்டிகளின் மேற்படாதவாறு மின்விசிறியை வைக்க வேண்டும். மார்கழி, தை மாதங்களின் வாடை மழையில் இரவு குளிர்ந்து நிலமும் ஈரமாகிவிடுவதால் பெட்டியை நிலத்திலிருந்து உயர்த்தி, ஒரு மூலைக்கு மட்டும் குமிழ் வெப்பம் கொடுங்கள். தேவையானபோது குட்டிகள் அங்கே ஊர்ந்து போகும். ஒன்றன்மேல் ஒன்று குவிந்து அழுதால் குளிர்கிறது. தனித்தனியாகப் பரந்து கிடந்து மூச்சிரைத்தால் சூடு கூடிவிட்டது.

எறும்பைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பிரசவ நீரின் வாடைக்கும் சிந்திய பாலுக்கும் எறும்பு வரிசையாக வந்துவிடும், கண் திறவாத குட்டியால் விலகிப் போகவும் இயலாது. பெட்டியின் கால்களை நீர் நிறைந்த கிண்ணங்களில் நிறுத்துங்கள். பெட்டியின் உட்புறச் சுவரைச் சுற்றி நாலு அங்குல உயரத்தில் ஒரு சட்டம் அடித்தால், தாய் சாயும்போது குட்டி நசிபடாமல் அதன் கீழ் ஒதுங்கும்.

குட்டிக்குப் பால் போதுமா என்பதை எப்படி அறிவது?

தராசு சொல்லும். சமையலறைத் தராசில் ஒவ்வொரு குட்டியையும் நாள்தோறும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதுங்கள். அடையாளத்துக்குக் கழுத்தில் வெவ்வேறு நிற நூலை இளக்கமாகக் கட்டி, வளர வளர மாற்றுங்கள். முதல் நாளில் சிறிது குறையலாம். அதன்பின் நாளுக்கு ஐந்து முதல் பத்து வீதம் கூடி, பத்தாம் நாளளவில் பிறந்த எடையின் இரு மடங்காக வேண்டும். ஒரே நாள் எடை ஏறாமல் நின்றாலும் அந்தக் குட்டியை நிறையப் பாலுள்ள பின்முலையில் பிடித்து ஊட்டத் தொடங்குங்கள். முதல் 12 மணி நேரத்தின் சீம்பால்தான் நோய் எதிர்ப்பைத் தருவது. அதை எந்தக் குட்டியும் தவறவிடக் கூடாது.

தாயிடம் பால் இல்லாவிட்டால் பசும்பால் ஈடாகாது. நாய்ப்பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு உண்டு. குட்டிகளுக்கென்று விற்கப்படும் பால்மாவை இளஞ்சூட்டில் கரைத்து, குட்டியைக் குப்புறக் கிடத்திய நிலையில் ஊட்ட வேண்டும். மல்லாத்தி ஊட்டினால் பால் சுவாசப்பைக்குள் போய்விடும்.

திட உணவு தொடங்கிய பின் கல்சியம், சத்து மருந்து கொடுக்கலாமா? குட்டி கொழுகொழுவென்று இருந்தால் நல்லது தானே?

பெரிய இனக் குட்டிகளுக்குச் சமநிலையான உணவோடு மேலதிகக் கல்சியம் சேர்ப்பது எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும். கொழுத்த குட்டியை அழகென்று கருதுவதும் தவறு. அமெரிக்காவில் 48 லப்ரடோர் நாய்களை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்து அவதானித்த ஓர் ஆய்வில், ஒரே ஈத்தின் குட்டிகளில் ஒன்றுக்கு 25 வீதம் குறைவாக உணவு கொடுத்து வந்தார்கள். குறைவாக உண்ட நாய்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. அவற்றின் இடுப்பு மூட்டு நோயும் குறைவாகவும் பிந்தியும் வந்தது. விலா எலும்பு கைக்குத் தட்டுப்படும் அளவான உடலே வளரும் குட்டிக்கு ஏற்றது. கண்காட்சிக்கு வளர்ப்போரிடம் இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பூச்சி மருந்தும் தடுப்பூசியும் எப்போது?

வட்டப்புழு தாயின் கருவறையிலேயே குட்டிக்குள் வந்துவிடுகிறது. கொளுக்கிப்புழு பாலோடு வருகிறது. ஆதலால் இரண்டாம் வாரத்தில் தொடங்கி 2, 4, 6, 8ஆம் வாரங்களில் குட்டிகளுக்கும் கூடவே தாய்க்கும் மருந்து கொடுக்க வேண்டும். குட்டி மலம் கழித்த மணலில் விளையாடும் சிறு பிள்ளைகளுக்கும் இந்தப் புழுக்களால் கண்ணிலும் தோலிலும் பாதிப்பு வரலாம், எனவே மலத்தை அன்றன்றே அகற்றுங்கள்.

பார்வோ, டிஸ்டெம்பர் முதலிய உயிர்கொல்லி வைரஸ் நோய்களுக்கான தடுப்பூசி ஆறு தொடக்கம் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நாலு வாரங்களுக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை போடப்பட வேண்டும். ஒரே ஊசியோடு நிறுத்துவதால்தான் பல குட்டிகள் பார்வோவில் இறக்கின்றன: தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி இரத்தத்தில் மிஞ்சியிருக்கும்வரை ஊசி பலன் தராது, அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். குட்டி பார்க்க வருவோர் அதற்கு முன் வேறு வீட்டில் குட்டி பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். செருப்பைப் படலையிலேயே கழற்றிக் கைகழுவச் சொல்வதில் கூச்சப்படத் தேவையில்லை.

வயல் சூழ்ந்த நம் ஊர்களில் எலிக்காய்ச்சல் தடுப்பூசி விடுபடக் கூடாது. அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். விசர்நாய்க்கடித் தடுப்பூசியை அரசு இலவசமாகப் போடுகிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கால்நடை வைத்தியரிடமோ நாளைக் கேட்டறிந்து, போட்ட அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

குட்டியின் குணத்தை உருவாக்க வளர்ப்பவர் என்ன செய்ய வேண்டும்?

அமெரிக்காவின் பார் ஹார்பர் ஆய்வுகூடத்தில் ஸ்கொட், புல்லர் என்னும் இருவர் பல ஆண்டு செய்து 1965இல் வெளியிட்ட ஆய்வு, மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை குட்டி எதைச் சந்திக்கிறதோ அதை உலகின் இயல்பாக ஏற்றுக்கொள்கிறது என்று காட்டியது. அந்தக் காலத்தின் முற்பாதி உங்கள் வீட்டிலேயே கழிகிறது. பின்வளவுக் கூட்டில் ஆளரவமின்றி வளர்ந்த எட்டு வாரக் குட்டிக்கு வாங்கியவர் எவ்வளவு அன்பு காட்டினாலும் அந்த இழப்பு முழுமையாக ஈடாகாது.

நம் ஊரின் சத்தங்களைக் குட்டி இங்கேயே பழகட்டும்: கோயில் மணியும் மேளமும், பள்ளிவாசல் பாங்கு, முச்சக்கரவண்டி, உழவு இயந்திரம், திருவிழா வெடி. வெடியைத் தொலைவில், குட்டிகள் சாப்பிடும் நேரத்தில் கேட்கச் செய்து படிப்படியாக நெருக்கலாம். பிள்ளைகள், முதியோர், சாரம் கட்டியவர், தலைக்கவசம் அணிந்தவர், முகம் மூடியவர் எனப் பலரும் கையில் தூக்கிக் கொஞ்சட்டும். தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருவில் நடக்க விடாமல் கையில் ஏந்தியே கடற்கரைக்கும் சந்தைக்கும் காட்டிவரலாம்.

ஆறாம் வாரத்தில் நான் செய்து பார்க்கும் ஒன்று: குட்டிகள் விளையாடும் முற்றத்தில் சற்றுத் தள்ளி ஒரு தகரத் தட்டைப் போடுவேன். எல்லாமே திடுக்கிடும்; அது இயல்பு. ஒன்று உடனே திரும்பி வந்து தட்டை முகரும், இன்னொன்று தூரத்தில் நின்று பார்த்துவிட்டு மெல்ல வரும், வேறொன்று தாயின் பின்னால் போய் வெகுநேரம் வெளியே வராது. திடுக்கிட்ட பிறகு எவ்வளவு விரைவாக மீள்கிறது என்பதையே கவனிக்க வேண்டும். மூன்றாவது குட்டிக்கு அடுத்த இரண்டு வாரமும் கூடுதல் பொறுமையும் கூடுதல் பழக்கமும் தேவை.

வேலைக்குப் போகும் குட்டிகளுக்குத் துணிச்சுருளை இழுத்து விளையாடுவதும், புல்லில் ஒளித்த உணவை மூக்கால் தேடுவதும், மணல், தகரம், பலகை, ஈரச் சீமெந்து எனப் பலவகைத் தரையில் நடப்பதும் நல்ல தொடக்கம். கண்காட்சிக்குரியவற்றை நாள்தோறும் ஒரு நிமிடம் மேசைமேல் அசையாமல் நிறுத்தி, பல், காது, பாதம், விதைப்பை ஆகியவற்றைத் தொட்டுப் பழக்குங்கள். வீட்டு நாயாகப் போகும் குட்டிக்கும் இந்த இரண்டும் வேண்டும்.

எட்டு வாரத்திலேயே இது பொலிஸ் நாயாகும், இது சம்பியனாகும் என்று சொல்ல முடியுமா?

சொல்ல முடியாது, சொல்பவரை நம்பவும் வேண்டாம். எட்டு வாரத்தில் செய்யும் குணச் சோதனை, வளர்ந்த பின் அந்த நாய் வேலையில் எப்படியிருக்கும் என்பதை மிகக் குறைவாகவே முன்னறிவிக்கிறது. உடலமைப்பை ஓரளவு கணிக்கலாம், ஆயினும் பல் கடிப்பும் இரண்டு விதைகளும் இறங்குவதும் பின்னரே உறுதியாகும். கண்டி அஸ்கிரியவைத் தலைமையிடமாகக் கொண்ட பொலிஸ் நாய்ப் பிரிவுக்கு ஏற்ற குட்டி என்று விளம்பரம் செய்து விலை கூட்டுவது வாங்குபவரை ஏமாற்றும் செயல். பெற்றோர் என்ன வேலை செய்தன, என்ன பரிசு பெற்றன, பரிசோதனை முடிவு என்ன என்பவற்றைப் பத்திரத்தோடு காட்டுவதே நேர்மை.

வாலையும் காதையும் வெட்ட வேண்டுமா?

வேண்டாம். ரொட்வைலரின் தாயகமான ஜேர்மனியிலேயே வால் வெட்டுவது 1998 முதல் தடை. அங்கு அந்த இனம் முழு வாலோடுதான் அரங்குக்கு வருகிறது.

இதில் வருமானம் வருமா?

மேலே சொன்ன பரிசோதனை, உணவு, தடுப்பூசி எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தால் மிஞ்சுவது சொற்பம். ஒரு சத்திரசிகிச்சையோ ஒரு பார்வோத் தொற்றோ வந்தால் அதுவும் போய்விடும். வருமானத்துக்காகவே பருவந்தோறும் ஒரு பெட்டையை ஈன வைப்பது அந்த உயிரைச் சிதைப்பதாகும். ஈத்துக்கு ஈத்து அதன் உடல் தேற இடைவெளி கொடுத்து, வாழ்நாளில் மூன்று நாலு ஈத்துகளோடு நிறுத்த வேண்டும்.

அயலவரோடு பிரச்சினை வராமல் எப்படி வைத்துக்கொள்வது?

தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் ஊர்கள் நம்முடையவை. நாயின் எச்சில் பட்டால் தொழுகைக்கு முன் கழுவித் தூய்மைப்படுத்த வேண்டிய கடமை அயலவருக்கு உண்டு என்பதை மனத்திற்கொண்டு, குட்டிகள் வேலிக்கு வெளியே போகாமலும் கழிவு நீர் அவர்கள் பக்கம் ஓடாமலும் அமைத்துக் கொள்ளுங்கள். ஈத்து பிறக்கப் போவதை முன்பே சொல்லி வைத்தால் இரவுச் சத்தத்தையும் பொறுத்துக்கொள்வார்கள்.

எப்போது, யாருக்கு, எந்தப் பத்திரங்களோடு கொடுப்பது?

எட்டு வாரத்துக்கு முன் எந்தக் குட்டியும் தாயையும் உடன்பிறந்தவற்றையும் விட்டுப் போகக் கூடாது. கடிக்கும் பலத்தை அடக்கப் பழகுவது அவற்றோடு விளையாடும்போதுதான். பதிவு செய்த பெற்றோர் என்றால் இலங்கை கெனல் சங்கம் போன்ற பதிவமைப்பின் விதிகளை இணைசேர்க்கும் முன்பே கேட்டறிந்து, ஈத்தைக் காலத்தோடு பதிவு செய்யுங்கள். தடுப்பூசி அட்டை, பூச்சி மருந்து கொடுத்த திகதிகள், பெற்றோரின் பரிசோதனை முடிவுகள், இதுவரை உண்ட உணவு ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள்.

வாங்க வருபவரிடம் கேளுங்கள்: பகலில் வீட்டில் யார் இருப்பார்? நாய் எங்கே படுக்கும்? முன்பு வைத்திருந்த நாய்க்கு என்ன ஆயிற்று? எப்போதும் சங்கிலியில் கட்டி வைக்கப் போவதாகச் சொல்பவருக்கு வேலைப் பரம்பரைக் குட்டியைக் கொடுக்காதீர்கள், எவ்வளவு விலை தந்தாலும்.

கொடுத்த குட்டி திரும்பி வந்தால்?

எந்த வயதிலும் திருப்பி ஏற்றுக்கொள்வேன் என்று கொடுக்கும்போதே எழுதிக் கொடுக்க வேண்டும். வெளிநாட்டுப் பயணம், நோய், வீடு மாறுதல் என்று காரணம் பல இருக்கும். கடிந்து பேசினால் அடுத்தவர் சொல்லாமலே நாயைத் தெருவில் விட்டுவிடுவார். வந்த நாயை மற்ற நாய்களோடும் குட்டிகளோடும் சேர்க்காமல் இரண்டு வாரம் தனியிடத்தில் வைத்து, உண்ணியை அகற்றி, இரத்தப் பரிசோதனை செய்வித்து, விட்டுப்போன தடுப்பூசிகளைப் போடுங்கள். அந்த நாட்களில் அதற்குப் புதிதாக எதையும் கற்பிக்க முயல வேண்டாம். ஒரே நேரத்தில் உணவு, ஒரே ஆள், ஒரே படுக்கை இடம் போதும். குணம் தெளிவாகத் தெரிந்த பிறகே அடுத்த வீட்டைத் தேடலாம்.